க்ரேயானும் களிமண்ணும்: பிள்ளைகளோடு வரைய உட்காருபவர்களுக்கு

வடசென்னையில் கொடுங்கையூர் குப்பைமேடு தீப்பிடித்தால் புகை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இங்குள்ள தெருக்கள் வெள்ளத்தில் நின்றன. இதோடு வீட்டுச் சண்டை, சாவு என்று ஏதாவது சேர்ந்தால் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வரையும்போது, விளையாடும்போது அது வெளியே வரும். இலங்கையின் மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஓவியம், களிமண், கதை, விளையாட்டு வழியாகவே ஆறுதல் தந்தது. மாலை நேர வகுப்பு நடத்தும் நம் அக்காக்களும் அண்ணன்களும் இதைச் செய்யலாம், கவனத்தோடு.

செய்ய வேண்டியவை

- வாரம் தவறாமல் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம்.
- க்ரேயான், களிமண், பழைய செய்தித்தாள், கெட்டி அட்டை எல்லாம் பரப்பிவையுங்கள். எதை எடுப்பதென்று பிள்ளையே முடிவுசெய்யட்டும். கறுப்பை அழுத்தித் தேய்த்துத் தாள் கிழிகிறதா? கையைப் பிடிக்காமல் அட்டையை நீட்டுங்கள்.
- கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: "வீட்டுக்கு மேல நிறைய கோடு போட்டிருக்கியே." பிறகு காத்திருங்கள்.
- களிமண்ணை அறையலாம், ஆளை அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
- முடிக்க 5 நிமிடம் இருக்கும்போதே தெரியப்படுத்துங்கள்.

செய்யக்கூடாதவை

- கறுப்பு என்றால் துக்கம் என்று கணக்குப் போடாதீர்கள். தினமும் புகையைப் பார்க்கும் பிள்ளைக்கு வானம் அப்படித்தான் தெரியும். டப்பாவில் மிஞ்சியதே அந்த ஒரு க்ரேயானாகவும் இருக்கலாம்.
- மார்க், பரிசு, போட்டி வேண்டாம். பாராட்டுக்காக வரைய ஆரம்பித்தால் மனதில் உள்ளது உள்ளேயே தங்கிவிடும்.
- "வெள்ளம் வந்ததை வரை", "அப்பாவை வரை" என்று புண்ணைக் கிளறாதீர்கள்.
- பிள்ளையைக் கேட்காமல் படத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள்.
- "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையை யாரோ துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம்.
- வைத்தியத்தை நீங்களே கையிலெடுக்காதீர்கள். தூக்கம், சாப்பாடு கெட்டு வாரக்கணக்கில் நீடித்தாலும், சாவதைப் பற்றிப் பிள்ளை பேசினாலும், 14416-ஐ அழையுங்கள்; டெலி மனஸ் மனநல உதவி 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும்.
- மருத்துவரிடம் அனுப்பியதோடு கைகழுவிவிடாதீர்கள். போய்வந்த பிறகும் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் உங்கள் பாயில் இடம் இருக்க வேண்டும்.