மெலியோர்க்குத் துணை யாவர்?

ஜோன் ஸ்டைன்பெக் 1937 இல் இயற்றிய ‘எலிகளும் மனிதர்களும்’ என்னும் குறுநாவல், கலிபோர்னியப் பண்ணைக் கூலிகளான ஜோர்ஜ், லெனி என்போரின் நட்பைக் கூறுவது. லெனி உடலால் வலியன், அறிவாற் குழந்தை. தன் வலிமையின் அளவறியாது ஒரு பெண்ணின் உயிரிழப்புக்குக் காரணனாகின்றான். சினங்கொண்டு தேடுவோர் கையில் அவன் அகப்படாதவாறு ஜோர்ஜே அவனைச் சுடுகின்றான்.

இது நட்பா, கைவிடலா? நட்பென்றே மாணவர் பலர் விடையிறுப்பர். ஆயின், கதையில் முன்னரே ஒரு கிழநாய், பயனற்றதெனச் சுடப்படுகின்றது. அதனை வளர்த்த, கையொன்றிழந்த முதியவனும் தன்னை விரைவில் வெளியேற்றுவரென அஞ்சுகின்றான். பயன்கொண்டே உயிரை அளக்கும் இடத்தில் ஒரு நண்பன் மட்டும் என் செய்வான்?

உடப்புக் கடற்கரையில் கரைவலையைத் தனியொருவர் இழுத்தல் கூடுமோ? வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் மெலியோனைத் தாங்குங் கடனும் அத்தகையதே. அஃது அவன் தோழன் ஒருவனுக்கன்று, நம் அனைவர்க்கும் உரியது.