பார்த்ததற்கும் கூலி கொடுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆம்னி வேனை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு வருமுன் ஒரு விஷயம். கடிதத்தின் நடுவில், "வண்டிக்குள் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கும், பழகிவிட்டது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதே வண்டியில்தான் கல்யாணச் சமையலுக்கு அண்டா, அடுப்போடு கேஸ் சிலிண்டரும் போகிறது. பின்னால் உதவியாட்கள் உட்கார்ந்து வருகிறார்கள். தயவுசெய்து அந்த வாடைக்குப் பழகாதீர்கள். அது நிற்கும்வரை வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். முகூர்த்த நாளாக இருந்தாலும் சரி, சாமான்களைக் குட்டியானையில் ஏற்றிவிட்டு ஆட்களைப் பஸ்ஸில் அனுப்புங்கள். ஆம்னியில் இன்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் கசிகிறதென்றால், கசியும் இடத்துக்கும் கொதிக்கிற சைலன்சர் பைப்புக்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது.

கசிவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ரப்பர் ஹோஸ்களை. உங்களுடையது 1998-ல் வந்த கார்புரேட்டர் வண்டி. அன்றைய பெட்ரோலுக்காகச் செய்த ரப்பர் அதில் இருக்கிறது. இன்று பங்கில் நாம் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள எல்லா ஹோஸையும், கிளிப்புகளையும் சேர்த்து, எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றச் சொல்லுங்கள். இதுவரை நடந்த வேலைகளில் ஹோஸை யாரும் தொட்டதாக நீங்கள் எழுதவில்லை. இத்தனைக்கும் இது பெரிய செலவில்லை.

எத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது என்கிறீர்கள். அப்படி நிற்கும்போது தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், தகரம் துருப்பிடிக்கும், அந்தத் துரு ஃபில்டருக்கு வந்து சேரும். மைலேஜ் குறைந்தது உங்கள் பிரமை இல்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் இருபது சதவீதக் கலப்பால் எரிபொருள் திறன் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையும் என்று சொல்லியிருக்கிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோலையும் சாதாரண விலையில் பங்கில் வைத்திருக்க வேண்டும். வைக்காதது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். முக்கால் மணி நேரம் ஓடியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. முதல் பட்டறையில் காயிலும் பிளக்கும் மாற்றினார்கள். அடுத்த பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கிட் போட்டார்கள். மூன்றாவது இடத்தில் பெட்ரோல் பம்ப். மூன்று பேரும் நல்ல வேலைக்காரர்கள் என்றே நீங்களும் சொல்கிறீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் மூன்று பட்டறையிலும் வண்டி நிற்கவே இல்லை. வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சத்தம் கேட்டு, இதுவாக இருக்கும் என்று ஒன்றை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்து கொடுத்த கதை.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் உங்களோடு ஒரு மணி நேரம் வண்டியில் வந்து, அது நிற்கிற இடத்தில் இறங்கிச் சோதித்து, கடைசியில் ஒரு ஒயரை இறுக்கிக் கொடுத்தால் என்ன தருவோம்? டீக்காசு என்று ஐம்பது ரூபாயை நீட்டுவோம். அவரே ஒரு புதுப் பம்பை மாட்டினால் பேசாமல் பில்லைக் கொடுத்துவிட்டு வருகிறோம். தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்கு உண்டு என்றால் எல்லோரும் மாற்றத்தான் செய்வார்கள். புதிய வண்டிகளில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணாவது வரும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதியும் கிடையாது. அதில் காதும் கண்ணும் பொறுமையும்தான் கருவி. அந்தப் பொறுமைக்கு நாம் இதுவரை விலை கொடுத்ததில்லை. அடுத்த முறை போகும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்றைக்கு எதையும் மாற்ற வேண்டாம். எதனால் நிற்கிறது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். அரை நாள் கூலி தனியாகத் தருகிறேன்." சொன்னபடி கொடுத்தும் விடுங்கள். நீங்கள் இதுவரை பாகங்களுக்குக் கொட்டிய பணத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது.

வண்டி நின்ற அந்த நிமிடம்தான் உண்மை தெரியும் நேரம். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, ஆட்களை இறக்கிவிட்டு, மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வரவில்லையா, கரண்ட் வரவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. ஏர் ஃபில்டர் மூடியை எடுத்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை இழுத்தால் உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பெட்ரோல் அதுவரை வந்திருக்கிறது, கரண்ட் பக்கம் போகலாம். ஆனால் வாடை அடிக்கும் வண்டியில் பொறியை வெளியே வரவைத்துப் பார்க்கும் வேலையே கூடாது. ஹோஸ் மாற்றி, கசிவு நின்ற பிறகுதான் அது. அப்போதும் முதலில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துக் காயிலுக்குச் சப்ளை வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சப்ளையே வரவில்லையென்றால் நீங்கள் வாங்கிய புதுக் காயிலால் ஒரு பயனும் இல்லை. சாவி போடும் இக்னிஷன் சுவிட்சின் உள்ளே தேய்ந்த தகடு சூட்டில் விட்டுவிட்டுத் தொடலாம், அல்லது ஏதாவது ஒரு கனெக்டர் கருகியிருக்கலாம்.

பெட்ரோல்தான் வரவில்லை என்றால், உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருமுறை வழியில் நின்றபோது பெட்ரோல் போடலாம் என்று டேங்க் மூடியைத் திறந்தீர்கள், 'உஸ்' என்று சத்தம் வந்தது, பிறகு உடனே வண்டி கிளம்பிவிட்டது. மூன்று பட்டறையில் ஒன்றிலாவது இதைச் சொன்னீர்களா? பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த வழி அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நின்றிருக்கும் நேரத்தில் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போனதும் வண்டி மறுபடி ஓடும். உங்கள் வண்டியின் நோயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லிவிட முடியாது. வெயிலில் சூடான டேங்கிலிருந்து ஆவி வெளியே வரும்போதும் அதே சத்தம்தான் கேட்கும். அடுத்த முறை நின்றால் மூடியின் ஓரத்தில் விரலை வைத்து, காற்று உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று கவனியுங்கள். உள்ளே இழுத்து, மூடி திறந்ததுமே வண்டியும் கிளம்பினால் மூடியையும் வென்ட் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

சூட்டில் செல்ஃப் இழுக்காமல் திணறுவதற்காக அடுத்தடுத்து பேட்டரி மாற்றியிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடாமல் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு ஒயரையும் இன்ஜினின் சுத்தமான இரும்பில் மற்றொன்றையும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் கேபிளில் இருக்கிறது. பழைய வண்டிகளில் பச்சை பூத்த எர்த்தால் வீணாக மாற்றப்பட்ட பேட்டரிகளும் செல்ஃப் மோட்டார்களும் ஏராளம்.

பாகங்கள் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த வண்டி 2019 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே அந்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் இன்னும் கிடைக்கிறது. பழைய மெட்டடார் வேன் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு லேத் பட்டறைதான் உதிரிபாகக் கடை. இருந்தாலும் ரப்பர், பிரேக், டைமிங் பெல்ட் இந்த மூன்றிலும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். எதை, எந்தத் தேதியில், எந்த கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலாவது பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். டெம்பரேச்சர் முள் ஏறினால் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால் ஃபேசிங், கேஸ்கட் என்று செலவு எங்கோ போய் நிற்கும்.

விற்கலாமா என்பதை இன்ஜினை வைத்து முடிவுசெய்யாதீர்கள். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, தரைத் தகடு, பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடங்கள், ஸ்லைடிங் கதவின் கீழ் ரயில் இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துரு மேலோடு இருந்தால் டிங்கரிங் போதும். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டியில் இனி ஒருவரையும் ஏற்றக் கூடாது. ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது கொஞ்சம் தகடுதான். புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது அந்த வண்டி நின்றுபோனதற்கும் அதுவே காரணம். தகடு நன்றாக இருந்தாலும் பைபாஸில் வேகம் வேண்டாம். அண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஆட்களும் சாமானும் ஒன்றாகப் போவதை நிறுத்துங்கள்.

1998 பதிவு என்பதால் 2013, 2018, 2023 என்று புதுப்பித்து வந்திருக்கிறீர்கள். அடுத்தது 2028. பதினைந்து ஆண்டு தாண்டிய கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். எஃப்.சி.க்காகச் செய்யும் பெயிண்டும் டிங்கரிங்கும் தனி. தகடு தேறினால், மேலே சொன்ன வேலைகளை முடித்து 2028 வரை ஓட்டுங்கள், அதற்குள் உங்கள் மகன் வாங்கச் சொல்லும் மாருதி ஈகோ வேனுக்குப் பணம் சேருங்கள் என்பது என் யோசனை. தகடு தேறாவிட்டால் இன்றே நிறுத்திவிடுங்கள். எப்போது கொடுப்பதானாலும் காயலான் கடைக்கு அப்படியே தள்ளிவிட வேண்டாம். அரசிடம் பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். ரத்தாகாத ஆர்.சி.யோடு அந்த வண்டியோ அதன் நம்பர் பிளேட்டோ வேறு எங்காவது ஓடினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அன்புடன்.