கிருமியின் கத்தரிக்கோல்

ஒரு வாய்ச் சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள், சிறிது இனிக்கும். உமிழ்நீரிலுள்ள நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே இதற்குக் காரணமாகும். நொதியானது தான் குறையாமலே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வல்லது.

நமக்கு உதவும் இத்தகைய நொதிகள் நோய்க்கிருமிகளிடமும் உண்டு. தோட்டத்தில் வாழும் நாம் அவசியம் அறிய வேண்டியது இசிவு நோய்க் கிருமியாகும். மலாய் மொழியில் இந்நோயைக் 'கஞ்சிங் கிகி' என்பர். 1889ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அதன் நஞ்சு ஒரு நொதியே என்பது 1992ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று.

இக்கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும். துருப்பிடித்த ஆணியோ செம்பனை முள்ளோ ஆழமாகக் குத்தினால், காற்றுப் புகாத அப்புண்ணில் அது விழித்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். நஞ்சு நரம்பின் வழியே தண்டுவடத்தை அடையும். இறுகிய தசையைத் தளரச் செய்யும் நரம்புகள் அங்குள்ளன. அவை தம் கட்டளையை அனுப்பத் தேவையான புரதத்தை இந்நொதி கத்தரிக்கோல்போல் வெட்டிவிடும். கட்டளை நின்றதும் தசைகள் இறுகியே நிற்கும். முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பின்னர் முதுகு வில்லாய் வளையும், மூச்சும் தடைப்படும்.

ஒரே கத்தரிக்கோல் பல புரதங்களை வெட்டுவதால், மிக மிகச் சிறிதளவு நஞ்சே உயிரைப் பறிக்கப் போதும். அவ்வளவு சிறிய அளவைக் கொண்டு நம் உடல் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே, நோயிலிருந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி வேண்டும்.

பெற்றோர்களே! குழந்தைப் பருவ ஊசிகளோடு, முதலாம் ஆண்டிலும் மூன்றாம் படிவத்திலும் பள்ளியில் போடப்படும் ஊசிகளையும் தவறவிடாதீர்கள். பெரியவர்களும் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்வது நலம். காயம் பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். சாணத்தையோ மண்ணையோ அப்புவது கிருமிக்கு நாமே வாசல் திறப்பதாகும். வலி சிறிதென்று எண்ணாமல், அன்றே மருந்தகம் செல்லுங்கள்.

பூட்டிய தாடையைத் திறப்பது அரிது. பூட்டாமல் காப்பது எளிது. வருமுன் காப்போம்!