பந்து வருவதற்கு முன்பே பார்க்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. மாவட்ட அளவில் கால்பந்து ஆடுகிறான். ஓட்டமும் உதையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால், ‘கிரவுண்டுல யோசிக்கத் தெரியல’ என்கிறார் கோச். மூளைத்திறனை வளர்க்கும் செல்போன் ஆப் வாங்கிக் கொடு என்கிறான் என் தம்பி. பலன் இருக்குமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தக் காசுக்கு ஒரு நல்ல பந்து வாங்கிக் கொடுங்கள். ஆப்பில் பழகப் பழக அந்த ஆப்பில் ஸ்கோர் ஏறும். அதே திறமை மைதானத்திலும் கைகொடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

12 வயதில் ‘யோசிக்கத் தெரியாது’ என்று முத்திரை குத்துவதும் அவசரம்தான். அவசரப்படாமல் நிதானிப்பது, எடுத்த முடிவைச் சட்டென்று மாற்றுவது போன்றவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி, 25 வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி இருக்கும். இந்த வயதில் அது பெரிய வித்தியாசம்.

அடுத்த மேட்ச்சில் பந்தை விட்டுவிட்டு உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பந்து அவனிடம் வந்து சேரும் முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் வீடியோக்களை ஆராய்ந்தபோது, பந்து கிடைக்கும் முன் அடிக்கடி சுற்றிலும் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் அதிகம் சரியாகச் சேர்ந்தன. அந்த வீரர்களில் ஃபிராங்க் லாம்பார்ட் அப்படித் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தவர். பந்து காலுக்கு வந்த பிறகு யோசிக்க நேரம் ஏது?

கோன்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு இடையே பந்தை வளைத்து வளைத்து ஓட்டினால் கால் பழகும். ஆனால் கோன் வந்து பந்தைப் பறிக்காது. முடிவெடுக்கப் பழக எதிராளி வேண்டும். பார்சிலோனா கிளப்பின் லா மாசியா அகாடமியில் ‘ரோண்டோ’ அன்றாடப் பயிற்சி. சிலர் வட்டமாக நின்று பாஸ் செய்ய, நடுவில் நிற்கும் ஓரிருவர் பந்தைப் பறிக்கப் பார்ப்பார்கள். சின்ன இடத்தில் நாலுக்கு நாலு ஆடினாலும் ஒவ்வொருவனுக்கும் பந்து அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் அவனே முடிவெடுத்தாக வேண்டும்.

இன்னொன்று, கோட்டுக்கு வெளியே நின்று ‘பாஸ் பண்ணு’, ‘அடிடா’ என்று கத்தாதீர்கள். அவன் எடுக்க வேண்டிய முடிவை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் ‘ஏன் விட்ட?’ என்று கேட்பதைவிட, ‘அந்த நேரம் உனக்கு வலப்பக்கம் யார் இருந்தா?’ என்று கேளுங்கள். நாலு மேட்ச் இப்படிக் கேட்டால், அடுத்த முறை அவனே பார்த்து வைத்துக்கொள்வான்.

கோச்சிடமும் ஒன்று கேளுங்கள்: ‘பயிற்சியில எவ்வளவு நேரம் பசங்களே முடிவெடுத்து ஆடுறாங்க சார்?’