உருவும் பயனும்

தமிழ்நாட்டில் பசுவின் மதிப்பை அது கறக்கும் பாலைக் கொண்டு அளப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் புல்வெளிகளில் இறைச்சிக்கென வளர்க்கப்பெறும் மந்தைகளில் வழக்கம் வேறு. அங்குப் பசுவின் பால் முழுவதும் கன்றுக்கே உரியது. ஆண்டுக்கு ஒரு கன்று ஈன்று, அதனை ஏறத்தாழ ஏழு திங்கள் ஊட்டி வளர்ப்பதே அப்பசுவின் தொழில். பால்குடி மறந்த கன்றின் எடையே உடையவனுக்கு வருவாய்.

அங்ஙனமாயின், பெரிய பசு பெரிய கன்றைத் தரும். ஆதலின் அதுவே சிறந்த பசு என்று தோன்றும். இவ்வெண்ணத்தை அந்நாட்டார் ஒரு காலத்தில் அறவே கைவிட்டனர். பிறிதொரு காலத்தில் அளவின்றிப் போற்றினர். இரு முறையும் இழப்பே எய்தினர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இளமையிலேயே கொழுக்கும் மாட்டையே சந்தை விரும்பிற்று. இங்கிலாந்திலிருந்து சென்ற ஹெரிபோர்டு இனத்திலும், ஸ்காட்லாந்திலிருந்து சென்ற ஆங்கஸ் இனத்திலும் குட்டைக் கால்களும் திரண்ட உடலும் உடைய மாடுகளுக்கே கண்காட்சிகளில் பரிசு கிடைத்தது. 1940-களிலும் 1950-களிலும் மனிதனின் இடுப்பளவே உயரமுள்ள பொலிகாளைகள் பெருவிலை பெற்றன. அக்காலத்தேதான் அம்மந்தைகளில் நெற்றி புடைத்து, மூச்சுவிடத் திணறும் குறட்கன்றுகள் பிறக்கலாயின. அவற்றுட் பல இளமையிலேயே மடிந்தன.

இக்குறை தாய், தந்தை ஆகிய இரண்டிடமிருந்தும் வந்து சேர்ந்தாலன்றிக் கன்று குறளாவதில்லை. ஒன்றிடமிருந்து மட்டும் குறையைப் பெற்ற மாடு நல்ல மாடாகவே தோன்றும். சற்றே குறுகித் திரண்டிருந்தால் பரிசுக்கும் உரியதாகும்! ஆகவே பரிசு பெற்ற காளையே பல மந்தைகளில் குறையைப் பரப்பும் காளையாயிற்று. விலை குன்றுமென்று அஞ்சிப் பலர் உண்மையை மறைத்தனர். குறையுடையவை என்று முன்பே தெரிந்த பசுக்களோடு காளையைச் சேர்த்துப் பார்ப்பதே அந்நாளில் சோதனை. பிறந்த கன்றுகள் 16-உம் குறையின்றி இருந்தால், காளை குறையுடையதாக இருத்தற்கு நூற்றில் ஒரு பங்கே இடமுண்டு. குறளைப் போக்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

1960-களின் இறுதியில் ஊஞ்சல் எதிர்ப்பக்கம் ஆடிற்று. சிமெண்டால், லிமூசின், கியானினா முதலிய ஐரோப்பியப் பேரினங்கள் வந்தன. 1980-களில் மிக உயர்ந்த மாட்டுக்கே பரிசு. பரிசளித்த களம் மாறவில்லை, அளவுகோலே மாறிற்று.

பேருடலைக் காக்கப் பேருணவு வேண்டுமன்றோ? சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் ஆராய்ந்த மாக்ஸ் கிளைபர் என்பார் 1932-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். எடை பெருகும் அளவுக்கு உணவுத் தேவை பெருகுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கை ஒட்டியே அது உயர்கிறது. 450 கிலோ பசுவினும் 600 கிலோ பசு மூன்றில் ஒரு பங்கு எடை மிக்கது. ஆயினும் தன்னுடலைப் பேண அதற்கு வேண்டும் உணவு நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கே மிகுதி. பெரிய மாட்டை விரும்புவோர் இதனைத் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டுவர்.

ஆனால் நிலம் எடுத்துரைக்கும் கணக்கு வேறு. 450 கிலோ பசுக்கள் நூற்றைத் தாங்கும் புல்வெளி, 600 கிலோ பசுக்கள் எண்பதையே தாங்கும். சிறிய பசுவின் கன்று 200 கிலோ எனக் கொண்டால், நூறு கன்றுகளின் எடை 20,000 கிலோ. அதனை எண்பது கன்றுகள் எட்ட வேண்டுமாயின் ஒவ்வொன்றும் 250 கிலோ இருத்தல் வேண்டும். 225 கிலோவே வளருமாயின், அதே புல்வெளியில் 2,000 கிலோ குறையும். கன்றைத் தனித்து நோக்குவோன் பெரிதென்று மகிழ்வான். மந்தையை நோக்குவோன் இழப்பைக் காண்பான்.

வறட்சியில் நிலைமை இன்னும் கடிது. உண்ட புல் முதலில் தன்னுடலைக் காக்கவும், பின்னர்ப் பால் சுரக்கவும் செலவாகும். மீண்டும் சினைப்படுதற்கு எஞ்சியதே உதவும். சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுதோறும் ஈன வேண்டுமாயின், ஈன்ற 82 நாட்களுக்குள் பசு மீண்டும் சினைப்பட வேண்டும். மெலிந்த பெரும்பசு இதில் தவறிவிடும். கன்றின்றியே ஓராண்டுப் புல்லையும் உண்டு தீர்க்கும்.

நெப்ராஸ்கா மாநிலத்துக் கிளே சென்டரிலுள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தில் ஜென்கின்ஸ், பெரல் என்னும் இருவர் ஒன்பது இனப் பசுக்களுக்கு வெவ்வேறு அளவில் தீனி கொடுத்து ஆராய்ந்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். தீனி குறைந்தபோது நடுத்தர உருவினவே உண்ட உணவுக்கு மிகுந்த கன்றெடையைத் தந்தன. தீனி நிறைந்தபோது பெரிய ஐரோப்பிய இனங்கள் அவற்றை விஞ்சின. எந்த இனமும் எல்லா நிலத்திலும் முதலிடம் பெறவில்லை.

ஆயினும், இறைச்சிச் சந்தையில் எடைக்கே விலை. புல்லின் செலவு அங்கே தராசில் ஏறுவதில்லை. அதனால், அமெரிக்க மந்தைகளில் இன்றைய பசு 1970-களின் பசுவினும் எடை மிக்கதாகவே இருக்கின்றது.