விரைந்து வாசிப்பதும் விளங்கி வாசிப்பதும்

பசுமலையிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தியின் தந்தை நம்மிடம் வருந்தினார். "நடுநிசி வரை புத்தகமும் கையுமாக இருக்கிறாள், ஹஜ்ரத்! காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா?"

குறை அவளது அறிவில் அன்று, வாசிக்கும் முறையில்தான்.

நிமிடத்திற்கு ஆயிரம் சொற்கள் வாசிக்கலாம் என்னும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாக வாசிப்போரின் சராசரி வேகம் நிமிடத்திற்குச் சுமார் 238 சொற்களே என்று 2019-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. கண்ணை மட்டும் விரட்டினால் விளக்கம் குறையும். திருக்குர்ஆனையே நிறுத்தி நிதானமாக ஓதும்படிதான் (73:4) நாம் ஏவப்பட்டிருக்கிறோம். சொல்வளமும் பாட அறிவும் பெருகப் பெருக வேகம் தானே கூடும்.

நம் மதரஸாக்களின் பழைய முறை கல்லூரிப் பாடத்திற்கும் பொருந்தும். முதலாவது முதாலஆ: வகுப்புக்கு முன்பே தலைப்புகளையும் முடிவுரையையும் பார்த்து, விளங்காததைக் கேள்வியாகக் குறித்துக்கொள்வது. இரண்டாவது ஸபக்: பாடத்தை ஆசிரியரிடம் கேட்டபின், அறிந்த பகுதியை விரைந்தும், புதிய சொற்களின் விளக்கத்தையும் ஆதாரங்களையும் நிதானமாகவும் வாசிப்பது. மூன்றாவது தக்ரார்: நூலை மூடிவிட்டு உடன் படிப்பவருக்கு எடுத்துச் சொல்வது. சொல்ல இயலாத இடமே மீண்டும் வாசிக்க வேண்டிய இடம்.

ஆய்வு மாணவர் எல்லா நூலையும் முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குச் சென்றால், முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பார்த்துத் தேவையானதைத் தேர்ந்துகொள்ளட்டும்.

பெற்றோர்களே! இஷாவுக்குப் பின் கால் மணி நேரம், பிள்ளை அன்று படித்ததைச் சொல்லக் கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொன்னால், அவளுக்கு விளங்கிவிட்டது. படிப்பை நிறுத்தும் பேச்சு வேண்டாம். அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மை அருள்வானாக! ஆமீன்.