மடியில் திணித்தால் பூனை பழகாது

விருந்தாளி வந்ததும் கட்டிலுக்கு அடியில் பதுங்கும் பூனைக்கு ஊரே ஒரு வைத்தியம் சொல்கிறது: "இழுத்துட்டு வந்து அவங்க மடியில வைங்க. நாலு தடவை வெச்சா பயம் தெளிஞ்சிடும்." பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், ஊரிலிருந்து வந்த மாமா சொல்கிறார், பல வருடம் பூனை வளர்த்தவர்களே சொல்கிறார்கள். கூச்சப் பூனைக்கு இதைவிடக் கேடான யோசனை இல்லை.

இது பலித்தது போலத் தெரிவதுதான் தொல்லை. தூக்கி வந்து புது ஆளின் மடியில் அழுத்திப் பிடித்ததும் பூனை பெரும்பாலும் அசையாமல் இருக்கும். "பாருங்க, எவ்வளவு சமத்து!" என்று எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். யாராவது குனிந்து அதன் முகத்தைப் பார்க்க வேண்டாமா? கூடத்தில் வெளிச்சம் இருந்தும் கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுத்திருக்கும். காதுகள் பக்கவாட்டில் படிந்திருக்கும். கால்கள் வயிற்றுக்கடியில் ஒடுங்கி, வால் உடம்போடு ஒட்டி, மூச்சு மட்டும் வேகமாக ஓடும். தப்பிக்க வழி இல்லாத விலங்கு பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. அதற்குப் பெயர் சமத்தாம்!

பிடி தளர்ந்த நொடியில் பாயும், நகம் யார் கையிலாவது இறங்கும். பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழி பூனையின் மேல். அடுத்த முறை அழைப்பு மணி அடித்ததுமே அது பரணுக்கு ஏறிவிடும். புது ஆள் வந்தால் பிடித்து இழுப்பார்கள் என்பதைத்தான் அந்த நாலு தடவையில் அது கற்றுக்கொண்டது.

"ஒளிய விட்டா அதே பழக்கமாயிடும்" என்பார்கள். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளுக்கே பதற்றம் சீக்கிரம் தணிந்தது. லண்டன் பேட்டர்சீ காப்பகத்தில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பூனையை எப்படித் தொடுவது என்று ஆட்களுக்குச் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்தார்கள்: அதுவாக வந்தால் தொடு, கன்னத்தையும் தாடையையும் காதடியையும் வருடு, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இரு. அப்படித் தொட்டவர்களிடம் பூனைகள் சீறுவதும் அடிப்பதும் குறைந்தது, நெருக்கம் கூடியது.

ஆகவே விருந்தாளி வருவதற்கு முன்பே ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பழைய துண்டு ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். வருகிறவர் தரையில் உட்காரட்டும். பூனையை உற்றுப் பார்க்கவோ கூப்பிடவோ வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டைத் தம் பக்கமாக அல்ல, பூனையின் பக்கமாகத் தள்ளிப் போடட்டும். தின்றுவிட்டு அது திரும்பிப் போனால் போகட்டும். அடுத்த வருகையில் கோழித் துண்டு விருந்தாளியை நோக்கி அரை அடி தள்ளி விழலாம். அதுவாக வந்து விரலை முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் மட்டும், ஓரிரு விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுகிறவர்கள் பூனை வளர்க்காமலிருப்பது நல்லது.

பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்பது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சில நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். துணைக்கு இன்னொரு பூனை வாங்கினால் தெளியும் என்பதும் வீண். பயந்த பூனைக்கு அதுவும் ஒரு புது ஆள்தான். வாலை ஆட்டினால் பூனை சந்தோஷமாக இருக்கிறது என்று நினைப்பதும் தவறு, அது நாய்க்குச் சொன்னது.

கூச்சத்துக்கு விதை விழுவது வேறிடத்தில். குட்டி மனிதரோடு எளிதாகப் பழகக் கற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை என்று அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஐலீன் கார்ஷ் 1980-களில் காட்டினார். அதற்கும் முன்பு, 1967-இல், ராபர்ட்டா கொலார்ட் ஐந்து பேர் கையில் வளர்ந்த குட்டிகளையும் ஒருவரே கையாண்ட குட்டிகளையும் ஒப்பிட்டார். அந்நியரிடம் குறைவாகப் பயந்தவை ஐந்து பேர் கையில் வளர்ந்தவை. தகப்பன் பூனையின் சுபாவமும் குட்டிக்கு வருகிறது என்பது சாண்ட்ரா மெக்கூனின் 1995 ஆய்வு. மூன்று மாதக் குட்டியைக் கொண்டுவந்தவர் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை.

நொந்துகொள்ள வேண்டியவர்கள் விற்கிறவர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று இந்தியாவின் 2018 செல்லப்பிராணிக் கடை விதிகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த அருமையான வாரங்கள் முழுக்க விற்பவர் பொறுப்பில்தான் கழிகின்றன. கடைக்குப் பின்னால் கூண்டில் போட்டுத் தீனி மட்டும் வைத்து, "ஒரிஜினல் பெர்சியன்" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்கள், பயந்தாங்கொள்ளிப் பூனையை உருவாக்கி வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார்கள். வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் தாய்ப் பூனையைக் காட்டச் சொல்ல வேண்டும், முடிந்தால் தகப்பனையும். குட்டியைத் தினமும் யார் யார் கையில் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பதில் வராத இடத்தில் வாங்கவே கூடாது.